கோடு தொடரவா, தடை காணவா, தூரம் அளக்கவா: உங்கள் ரோபோவுக்கு எந்த ஐஆர் சென்சார்?

கல்லூரிகளில் ரோபோ போட்டி அறிவித்துவிட்டால் போதும், மாணவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியோடு வருவார்கள்: "ஐஆர் சென்சார் வாங்கணும், எதை வாங்குறது?" சென்னை ரிச்சி தெருவில் போய்க் கேட்டாலும் சரி, ஆன்லைனில் தேடினாலும் சரி, அந்த ஒரே பெயரில் நான்கைந்து வகைப் பொருள்களை எடுத்துப் போடுவார்கள். ஒன்றின் விலை சில பத்து ரூபாய், இன்னொன்றின் விலை பல நூறு ரூபாய். விலை கூடியதுதான் நல்லது என்று வாங்கியவர்களுக்கும் ஏமாற்றம் வருகிறது. மலிவானதே போதும் என்று வாங்கியவர்களுக்கும் வருகிறது.

எல்லாவற்றிலும் அடிப்படை ஒன்றுதான். ஓர் எல்இடி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு (ஐஆர்) ஒளியை அனுப்புகிறது. எதிரே உள்ள பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை ஒரு ஃபோட்டோடிரான்சிஸ்டரோ ஃபோட்டோடயோடோ வாங்கிக்கொள்கிறது. வெள்ளைப் பரப்பு நிறையத் திருப்பி அனுப்பும். கறுப்பு பெரும்பகுதியை விழுங்கிவிடும். திரும்பி வந்த ஒளியை வைத்துக்கொண்டு சென்சார் உங்களுக்கு என்ன பதில் சொல்கிறது என்பதில்தான் வகைக்கு வகை வேறுபாடு.

பதில்கள் மூன்று. "இருக்கிறது, இல்லை" என்பது முதல் வகை. "இவ்வளவு ஒளி திரும்பியது" என்பது இரண்டாவது. "இவ்வளவு தூரத்தில் இருக்கிறது" என்பது மூன்றாவது. முதல் வகையிடம் இரண்டாவது கேள்வியைக் கேட்டால் பதில் வராது. இரண்டாவதிடம் தூரத்தைக் கேட்டால் பதில் வரும், ஆனால் நம்ப முடியாது: 10 செமீ-இல் உள்ள வெள்ளைத் தாளும் 5 செமீ-இல் உள்ள சாம்பல் நிற அட்டையும் ஒரே எண்ணைத் தந்துவிடலாம். கடைக்காரர் பெட்டியில் எழுதியிருக்கும் "வீச்சு 30 செமீ" போன்ற எண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது இதனால்தான் தவறாகிறது. உங்கள் ரோபோ கேட்கப்போகும் கேள்வி எது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பாதித் தேர்வு அங்கேயே முடிந்துவிடும்.

## எதை வைத்து எடை போடுவது

என்ன பதில் வேண்டும். மேலே சொன்ன மூன்றில் ஒன்று.

எவ்வளவு உயரம் அல்லது தூரம். தரையை நோக்கும் சென்சாருக்கு மில்லிமீட்டர் கணக்கு, முன்னால் பார்க்கும் சென்சாருக்குச் சென்டிமீட்டர் கணக்கு. ஒன்று இன்னொன்றின் வேலையைச் செய்யாது.

எந்த வெளிச்சத்தில் ஓடப்போகிறது. வெயிலில் அகச்சிவப்பு ஏராளம். பழைய குண்டு பல்பிலும் ஹாலஜன் விளக்கிலும் அப்படியே. எல்இடி விளக்கில் ஏறக்குறைய இல்லை, டியூப் லைட்டில் கொஞ்சம்தான். ஹாஸ்டல் அறையில் எல்இடி விளக்கின் கீழ் அழகாக ஓடிய ரோபோ, ஜன்னலோரம் போட்ட களத்தில் திசை தெரியாமல் சுற்றுவதற்குக் காரணம் இதுதான். வெயில் நேரடியாக விழுந்தால் ஃபோட்டோடிரான்சிஸ்டர் நிரம்பிப்போகும். அதன் பிறகு கறுப்பும் அதற்கு வெள்ளைதான்.

எந்தப் பரப்பு. இதைப் பலரும் கணக்கில் எடுப்பதே இல்லை. நம் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிவதெல்லாம் அகச்சிவப்புக்கும் கறுப்பு அல்ல. லேசர் பிரிண்டரின் டோனரில் கார்பன் இருப்பதால் அது ஒளியை நன்றாக விழுங்கும். சாயம் கலந்த மையில் அச்சிடும் இங்க்ஜெட் பிரிண்டரின் கறுப்பும், சில மார்க்கர் பேனாக்களின் கறுப்பும் அகச்சிவப்பை ஊடுருவ விட்டுவிடும்; கீழே உள்ள வெள்ளைத் தாள் அதைத் திருப்பி அனுப்ப, சென்சாருக்குக் கோடே தெரியாது. கறுப்புத் துணிகள் பலவும் இப்படித்தான். வெள்ளை சார்ட் பேப்பரில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிய பயிற்சிக் களம் பெரும்பாலும் ஒழுங்காக வேலை செய்யும். போட்டிகளில் விரிக்கும் ஃப்ளெக்ஸ் பேனர் வேறு கதை: அதன் பளபளப்பில் ஒளி கண்ணாடியில் படுவதுபோல் நேராகத் திரும்பிவரும் கோணங்கள் உண்டு, கறுப்புக் கோட்டின் மேல்கூட. ஆகவே முடிந்தால் ஒரு துண்டு ஃப்ளெக்ஸ் வாங்கி அதன் மேல் சோதியுங்கள்.

பின்கள், வேகம், மின்சாரம். ரோபோவின் மூளையாக வைக்கும் அர்டுயினோ போர்டுகளில், ஊனோவில் அனலாக் பின் (ஏறி இறங்கும் மின்னழுத்தத்தை எண்ணாகப் படிக்கும் பின்) ஆறுதான், நானோவில் எட்டு. ஒரு சுற்று அளவீட்டுக்கு எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்பதும் முக்கியம்: நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் ரோபோ ஒவ்வொரு மில்லிசெகண்டிலும் 1 மிமீ நகர்ந்துவிடுகிறது.

## தடை காட்டும் சிறு மாட்யூல்

தெளிவான எல்இடி ஒன்று, கறுப்பு நிற ஃபோட்டோடயோடு ஒன்று, இரண்டும் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். நடுவில் நீல நிற ப்ரீசெட் (எல்லையைத் திருப்பி வைக்கும் சிறு திருகு), பக்கத்தில் எல்எம்393 கம்பாரேட்டர் (வந்த ஒளியை அந்த எல்லையோடு ஒப்பிடும் சில்லு), மூன்று பின். எஃப்சி-51 என்ற பெயரிலும் வேறு பெயரில்லாமலும் விற்கிறார்கள். "ஐஆர் சென்சார்" என்று மட்டும் கேட்டால் கடையில் கையில் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். வீச்சு 2 முதல் 30 செமீ என்று போட்டிருக்கும்.

இது முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும். திரும்பி வந்த ஒளி நீங்கள் ப்ரீசெட்டில் வைத்த எல்லையைத் தாண்டினால் வெளியீடு மாறும், அவ்வளவுதான். பெரும்பாலான மாட்யூல்களில் தடை இருந்தால் வெளியீடு தாழ்நிலைக்குப் போகும். நிரலில் இதை எல்லோரும் ஒருமுறையாவது தலைகீழாக எழுதுகிறார்கள், ஆகவே வயரை மாட்டியதும் கையை நீட்டிச் சோதித்துவிடுங்கள்.

வீச்சு 30 செமீ என்பது வெள்ளைச் சுவருக்குப் பொருந்தும். கறுப்பு ஷூவுக்கு அது சில சென்டிமீட்டராகச் சுருங்கும். ஆகவே "20 செமீ-இல் தடை வந்தால் நில்" என்று இதை வைத்து எழுத முடியாது. "ஏதோ ஒன்று அருகில் வந்திருக்கிறது" என்பதே இது சொல்லக்கூடியது.

இதில் இன்னொரு குறையும் உண்டு. எல்இடியும் ஃபோட்டோடயோடும் அருகருகே மறைப்பில்லாமல் நிற்பதால், பக்கவாட்டில் கசியும் ஒளியே சில சமயம் தடை போலத் தெரியும். ஃபோட்டோடயோடின் மேல் கறுப்பு ஹீட் ஷ்ரிங்க் குழாய் ஒரு துண்டு மாட்டினால் பெரிய முன்னேற்றம் தெரியும். செலவில்லாத இந்தத் திருத்தத்தைச் செய்யாமல் மாட்யூலைக் குறை சொல்ல வேண்டாம்.

இதையே நான்கைந்து வாங்கித் தரையை நோக்கித் திருப்பி, கோடு தொடரும் ரோபோ செய்கிறவர்கள் நிறைய. ஓடும், மெதுவாக. ஆனால் ஐந்து மாட்யூலுக்கு ஐந்து ப்ரீசெட். களம் மாறினால், வெளிச்சம் மாறினால், போட்டிக்கு முன் கிடைக்கும் சில நிமிடப் பயிற்சி நேரத்தில் ஐந்தையும் குட்டி ஸ்க்ரூடிரைவரால் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். கடையில் மிச்சம் பிடித்த பணத்துக்கு அங்கே நேரமாக விலை கொடுக்கிறீர்கள்.

இது சரியான தேர்வாகும் இடங்கள்: கை நீட்டினால் திறக்கும் குப்பைத்தொட்டி, மேசை விளிம்பில் விழாமல் திரும்பும் பொம்மை வண்டி, கன்வேயரில் பொருள் எண்ணுவது, பள்ளி மாணவர்களின் முதல் ரோபோ. மோட்டார் சுழற்சியை எண்ணவும் அருமையாகப் பயன்படும்: சக்கரத்தில் ஒரு வெள்ளை டேப் துண்டு ஒட்டினால், நிமிடத்துக்கு 3000 சுற்று என்பது நொடிக்கு 50 துடிப்புதான், அர்டுயினோவுக்கு அது சாதாரண வேலை.

## டிசிஆர்டி5000

விஷே நிறுவனத்தின் இந்தச் சிறு கறுப்புக் கூட்டுக்குள் 950 நானோமீட்டர் எல்இடியும், பகல் ஒளியைத் தடுக்கும் வடிகட்டியுடைய ஃபோட்டோடிரான்சிஸ்டரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நடுவில் சுவர் இருப்பதால் பக்கக் கசிவுத் தொல்லை குறைவு. அதன் டேட்டாஷீட்டைத் திறந்து பாருங்கள்: உச்ச வெளியீடு கிடைக்கும் தூரம் 2.5 மிமீ, அந்த உச்சத்தின் ஐந்தில் ஒரு பங்காவது கிடைப்பது 0.2 முதல் 15 மிமீ வரை. தரைக்காகவே பிறந்த சென்சார் இது. சுவரை நோக்கி வைக்க இதை வாங்காதீர்கள்.

தனியாக வாங்கினால் கூடவே இரண்டு ரெசிஸ்டர் வேண்டும். எல்இடிக்கு 220 ஓம் போட்டால் 5 வோல்ட்டில் ஏறத்தாழ 17 மில்லிஆம்பியர் ஓடும். ஃபோட்டோடிரான்சிஸ்டரின் கலெக்டருக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவில் 10 கிலோஓம் போட்டு, கலெக்டரிலிருந்து அனலாக் பின்னுக்கு வயர் எடுத்தால் வெள்ளையில் எண் கீழே போகும், கறுப்பில் உச்ச எண்ணான 1023-ஐ நோக்கி ஏறும். சீரியல் மானிட்டரைத் திறந்துவைத்துக்கொண்டு சென்சாரை டேப்பின் ஓரத்தின் மேல் மெல்ல நகர்த்திப் பாருங்கள். எண் ஒரேயடியாகத் தாவாது. கீழிருந்து மேலே படிப்படியாக ஏறும். கோட்டின் ஓரம் சென்சாருக்குக் கீழே எங்கே இருக்கிறது என்ற தகவல் முழுவதும் அந்த ஏற்றத்தில் இருக்கிறது. கம்பாரேட்டர் அதை இரண்டே நிலையாக வெட்டித் தூக்கி எறிந்துவிடுகிறது.

மாட்யூலாக வாங்குவதானால் இந்த ஒன்றை மட்டும் பார்த்து வாங்குங்கள்: நான்கு பின் உள்ளதில் டிஜிட்டல் வெளியீட்டோடு அனலாக் வெளியீடும் இருக்கும். மூன்று பின் உள்ளதில் பெரும்பாலும் டிஜிட்டல் மட்டும்தான். விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது, பயனில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

தனிச் சென்சாராகச் செய்வதில் இன்னொரு லாபம், எல்இடியை நீங்களே அணைத்து ஏற்றலாம். எல்இடி அணைந்திருக்கும்போது ஒருமுறை படியுங்கள். அது அறையின் வெளிச்சம். ஏற்றி, சில நூறு மைக்ரோசெகண்ட் பொறுத்து மறுபடி படியுங்கள்; அது அறை வெளிச்சமும் திரும்பிய ஒளியும் சேர்ந்தது. இரண்டின் வித்தியாசம்தான் உங்களுக்கு வேண்டியது. ஜன்னல் வெளிச்சம், மேகம் மறைத்த வெளிச்சம் எல்லாம் இதில் பெருமளவு கழிந்துவிடும். நேரடி வெயிலுக்கு மட்டும் இது உதவாது. சென்சார் முதலிலேயே நிரம்பிவிட்டால் கழிப்பதற்கு வித்தியாசமே இருக்காது. அங்கே கறுப்பு ஃபோம் ஷீட்டை வெட்டிச் சென்சாரைச் சுற்றிப் பாவாடை கட்டுவதுதான் வழி.

மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. முதலாவது சோல்டரிங். எட்டுச் சென்சாரை ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில், சாயாமல் வெரோ போர்டில் வைப்பது பொறுமை கேட்கும் வேலை. ஒன்று 1 மிமீ மேலே இருந்தாலும் அதன் எண் தனியாகத் தெரியும். இரண்டாவது மின்சாரம். மேலே சொன்ன கணக்கில் எட்டு எல்இடிக்கு 138 மில்லிஆம்பியர். ரோபோவில் மூன்று செல் லித்தியம் பேட்டரி வைத்து, 11.1 வோல்ட்டை அப்படியே ஊனோ போர்டின் ரெகுலேட்டருக்குக் கொடுத்தால், இந்த எல்இடிகளுக்காக மட்டும் 0.84 வாட் அந்தச் சின்ன ரெகுலேட்டரில் வெப்பமாகும். போர்டு சுட்டு, பாதி ஓட்டத்தில் ரீசெட் ஆகும்போது நிரலில் பிழை தேடாதீர்கள். அதிகம் சூடாகாமல் மின்னழுத்தத்தைக் குறைக்கும் தனி பக் கன்வெர்ட்டர் ஒன்று போட்டுவிடுங்கள், அல்லது எல்இடிகளை இரண்டிரண்டாகத் தொடர் இணைப்பில் மாட்டுங்கள்.

இது சரியான தேர்வாகும் இடங்கள்: மூன்று முதல் ஐந்து சென்சாரில் கோடு தொடரும் ரோபோ, சக்கரச் சுழற்சியை எண்ணும் என்கோடர், இடைவெளியும் உயரமும் உங்கள் விருப்பப்படி இருக்க வேண்டிய வடிவமைப்பு, சர்க்யூட்டை உண்மையிலேயே கற்றுக்கொள்ள நினைப்பவர்கள்.

இதே குடும்பத்தில் சிஎன்ஒய்70 என்ற சதுரச் சென்சாரும் கிடைக்கும். அது இன்னும் நெருக்கத்தில், 5 மிமீ-க்குள் வேலை செய்வது. ரோபோவின் அடிப்பகுதி அவ்வளவு தாழ்வாக இருக்க முடிந்தால் ஒழிய வேண்டாம்.

## எட்டுச் சென்சார் வரிசை: ஏ வகையா, ஆர்சி வகையா

பொலொலு நிறுவனத்தின் க்யூடிஆர்-8 வரிசையும் அதன் நகல்களும் இந்த வகை. க்யூஆர்இ1113 என்ற நுண் சென்சார்கள் எட்டு, 9.5 மிமீ இடைவெளியில் ஒரே போர்டில். எல்இடிகள் இரண்டிரண்டாகத் தொடரில் இருப்பதால் மொத்தம் ஏறத்தாழ 100 மில்லிஆம்பியரில் முடிந்துவிடுகிறது. எல்இடியை நிரலிலிருந்து அணைக்கத் தனிப் பின் உண்டு. உயரமும் இடைவெளியும் தொழிற்சாலையிலேயே ஒழுங்காக அமைந்து வருகின்றன. வேகமாக ஓடும் ரோபோ வேண்டுமென்றால் இதைத்தான் வாங்கச் சொல்வேன். காரணத்தை எண்ணிலேயே காட்டிவிடலாம்.

சென்சார்களுக்கு 0 முதல் 7 வரை எண் கொடுத்து, நிலையை 0, 1000, 2000 என்று 7000 வரை வைத்துக்கொள்வோம். நடு 3500. அளவுதிருத்தம் செய்த பிறகு ஒவ்வொன்றும் 0 (முழு வெள்ளை) முதல் 1000 (முழுக் கறுப்பு) வரை தரும். ஒரு கணத்தில் இரண்டாம் எண் சென்சார் 200, மூன்றாவது 1000, நான்காவது 800, மற்றவை 0 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அளவையும் அதன் நிலையால் பெருக்கிக் கூட்டினால் 66 லட்சம், அளவுகளின் கூட்டல் 2000, வகுத்தால் 3300. கோடு நடுவிலிருந்து 200 விலகியிருக்கிறது, அதாவது 2 மிமீ-க்குச் சற்றுக் குறைவு. இதே கணத்தை டிஜிட்டல் சென்சார்கள் 500 என்ற எல்லையில் பார்த்திருந்தால் 0, 1, 1 என்று சொல்லியிருக்கும். கணக்குப் போட்டால் 3500: கோடு மிகச் சரியாக நடுவில் இருக்கிறது, திருத்தம் தேவையில்லை. விலகலின் அளவுக்கேற்ப மோட்டார்களைத் திருத்தும் பிஐடி கட்டுப்பாட்டுக்கு இந்த 2 மிமீ தெரிந்தால் ரோபோ வழுக்கிக்கொண்டு போகும். தெரியாவிட்டால் கோட்டின் இரு ஓரங்களுக்கும் மோதி மோதி ஆடிக்கொண்டு போகும். பிஐடி எண்களை இரவெல்லாம் மாற்றிப் பார்த்தும் ஆட்டம் நிற்காத ரோபோக்களில் கை வைக்க வேண்டிய இடம் பல நேரம் சென்சார்தான்.

இனி ஏ வகையா, ஆர்சி வகையா. ஏ வகை எட்டு அனலாக் வெளியீடு தரும். ஊனோவில் ஆறு அனலாக் பின்தான் இருப்பதால் இடிக்கும்; நானோவில் எட்டும் மாட்டலாம், ஆனால் ஏ4, ஏ5 இரண்டும் ஐ2சி (இரண்டே வயரில் பல கருவிகளோடு பேசும் முறை) பின்களும் ஆவதால் அந்த முறையில் பேசும் டிஸ்ப்ளே, கைரோ எதையும் சேர்க்க முடியாது. எட்டு வெளியீடுகளை ஒவ்வொன்றாக ஒரே பின்னுக்கு அனுப்பும் சிடி4051 மல்டிபிளெக்ஸர் ஒன்று போட்டால் மூன்று டிஜிட்டல் பின்னும் ஒரு அனலாக் பின்னும் போதும்.

ஆர்சி வகைக்கு அனலாக் பின்னே வேண்டாம். ஒவ்வொரு சென்சாரிலும் ஒரு கெப்பாசிட்டர் இருக்கிறது. பின்னை வெளியீடாக்கிச் சில மைக்ரோசெகண்ட் உயர்நிலை கொடுத்து அதை நிரப்பி, பிறகு பின்னை உள்ளீடாக மாற்றி, மின்னழுத்தம் எவ்வளவு நேரத்தில் விழுகிறது என்று எண்ண வேண்டும். வெள்ளை மேல் சீக்கிரம் விழும், கறுப்பு மேல் தாமதமாகும். எந்த டிஜிட்டல் பின்னிலும் மாட்டலாம், எட்டையும் ஒரே நேரத்தில் எண்ணலாம். பரிந்துரைத்த அதிகபட்ச உயரமும் ஏ வகைக்கு 6 மிமீ என்றால் இதற்கு 9.5 மிமீ. இரண்டுக்கும் உகந்தது 3 மிமீ.

நேரம்? அர்டுயினோவில் ஒரு அனலாக் வாசிப்புக்கு 0.11 மில்லிசெகண்ட் ஆகும், எட்டுக்கு 0.9. சராசரிக்காக நான்கு முறை படித்தால் 3.6 மில்லிசெகண்ட். ஆர்சி வகையில் காத்திருப்பு எல்லையை 2.5 மில்லிசெகண்ட் என்று வைத்தால், கறுப்பில் நிற்கும் சென்சார் ஒன்று இருந்தாலும் அவ்வளவு நேரம் வரை போகலாம். வித்தியாசம் பெரிதில்லை, பின் வசதியை வைத்தே முடிவெடுக்கலாம்.

அர்டுயினோவுக்குப் பதில் வைஃபை உள்ள ஈஎஸ்பி32 போர்டு வைத்திருப்பவர்கள் மட்டும் கவனியுங்கள். அதில் 34 முதல் 39 வரை எண்ணுள்ள பின்கள் உள்ளீட்டுக்கு மட்டுமே. அவற்றால் கெப்பாசிட்டரை நிரப்ப முடியாது, ஆர்சி வகை அங்கே வேலை செய்யாது. நானோவின் ஏ6, ஏ7-க்கும் இதே நிலை. ஈஎஸ்பி32-இல் ஏ வகை மாட்டினால், வைஃபை ஓடும்போது இரண்டாவது ஏடிசி-யின் (மின்னழுத்தத்தை எண்ணாக்கும் பகுதி) பின்களில் படிக்க முடியாது. எதுவானாலும் வரிசையை 3.3 வோல்ட்டில் ஓட்ட வேண்டும். போர்டிலேயே அதற்கான ஜம்பர் இடம் இருக்கிறது. 5 வோல்ட் வெளியீட்டை ஈஎஸ்பி32 தாங்காது.

நகல் போர்டுகளில் எட்டுச் சென்சாரின் எண்களும் சற்று முன்னே பின்னே இருக்கும். ஓட்டம் தொடங்கும் முன் கோட்டின் குறுக்கே ரோபோவை இடவலமாக அசைத்து, ஒவ்வொரு சென்சாரின் குறைந்த எண்ணையும் கூடிய எண்ணையும் நிரலே குறித்துக்கொள்ளும்படி செய்தால் அந்தக் குறை தெரியாது.

இது சரியான தேர்வாகும் இடங்கள்: நேரம் பார்த்து வெற்றி தீர்மானிக்கும் கோடு தொடரும் போட்டி, வளைவும் சந்திப்பும் நிறைந்த களம், பிஐடி கற்க விரும்புபவர்கள். மெதுவான, எளிய களத்துக்கு மட்டும் என்றால் இது தேவையில்லாத செலவு.

## ஷார்ப் தூர சென்சார்

ஜிபி2ஒய்0ஏ21 என்ற எண்ணில் கிடைப்பது 10 முதல் 80 செமீ வரை அளக்கும். ஜிபி2ஒய்0ஏ41 என்பது 4 முதல் 30 செமீ. இவை திரும்பிய ஒளி எவ்வளவு என்று பார்ப்பதில்லை. ஒளிப்புள்ளி உள்ளே இருக்கும் நீளமான உணர்பட்டையில் எந்த இடத்தில் விழுகிறது என்று பார்க்கின்றன. பொருள் நெருங்க நெருங்கக் கோணம் மாறி, புள்ளி நகரும். முக்கோணக் கணக்கு இது. ஆகவே எதிரே இருப்பது வெள்ளையா சாம்பலா என்பது அவ்வளவாகப் பாதிக்காது. மூன்றாவது கேள்விக்கு உண்மையான பதில் இங்கேதான் தொடங்குகிறது.

வாங்கும் முன் அறிய வேண்டியவை மூன்று. ஒன்று, 10 செமீ-க்கு உட்பட்ட பகுதி. 80 செமீ-இல் 0.4 வோல்ட், 10 செமீ-இல் 2.3 வோல்ட் என்று ஏறிக்கொண்டே வரும் வெளியீடு, இன்னும் சற்று நெருங்கியதும் உச்சம் தொட்டுத் திரும்ப இறங்கத் தொடங்கும். 3 செமீ-இல் நிற்கும் சுவர், தள்ளி நிற்கும் சுவர் போலத் தெரியும். ரோபோ தைரியமாகப் போய் இடிக்கும். நிரலால் இதைத் தீர்க்க முடியாது. சென்சாரை ரோபோவின் முன்முனையிலிருந்து 10 செமீ பின்னால் தள்ளி வையுங்கள், அந்தக் குருட்டுப் பகுதி ரோபோவின் உடலுக்குள்ளேயே அடங்கிவிடும்.

இரண்டு, தாமதம். புதிய அளவு ஏறத்தாழ 38 மில்லிசெகண்டுக்கு ஒருமுறைதான் வரும். அதற்கு மேல் வேகமாகப் படித்தால் பழைய எண்ணே திரும்ப வரும்.

மூன்று, மின்சாரம். சராசரியாக 30 மில்லிஆம்பியர்தான், ஆனால் எல்இடி துடிக்கும்போது இழுப்பு திடீரென்று கூடும். சென்சாரின் மின் பின்களுக்கு அருகிலேயே 10 மைக்ரோஃபாரட் அல்லது அதற்கு மேற்பட்ட கெப்பாசிட்டர் போடாவிட்டால் எண்கள் குதிக்கும், பக்கத்துச் சென்சார்களின் எண்களும் சேர்ந்து குதிக்கும். இதற்கான கனெக்டரும் சாதாரண ஜம்பர் வயர் நுழையாத சிறு வகை. கேபிளோடு சேர்த்து வாங்குங்கள்.

வட்ட வளையத்துக்குள் எதிராளியைத் தள்ளி வெளியேற்றும் மினி சுமோ ரோபோவில் முதல் வகையும் மூன்றாவது வகையும் ஒன்றாக வேலை செய்வதைப் பார்க்கலாம். அந்த வளையத்தின் விட்டம் 77 செமீ, ஓரத்தில் 2.5 செமீ வெள்ளைப் பட்டை, நடுவெல்லாம் கறுப்பு. எதிராளியைத் தேட 80 செமீ ஷார்ப் கச்சிதமாகப் பொருந்தும். ஓரத்தைக் காண டிஜிட்டல் வெளியீடுள்ள டிசிஆர்டி5000 முன்னால் இரண்டு போதும், அங்கே கேள்வி "வெள்ளை வந்ததா?" என்பது மட்டுமே, பதில் உடனே வர வேண்டும்.

## விஎல்53எல்0எக்ஸ்

இதுவும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பில்தான் இயங்குகிறது. ஆனால் ஒளி போய்த் திரும்ப ஆகும் நேரத்தை அளக்கிறது. சாதகமான சூழலில் 2 மீட்டர் வரை மில்லிமீட்டரில் எண் தரும், அளவும் மிகச் சிறியது. புதிதாகத் தூர சென்சார் வாங்குகிறவர் ஐ2சி பற்றி அஞ்சாதவராக இருந்தால் ஷார்ப்பைவிட இதையே சொல்வேன். ஒன்றுக்கு மேல் வாங்குவதானால் ஒரு சிக்கல்: எல்லாவற்றுக்கும் ஒரே முகவரி, 0x29. தொடக்கத்தில் ஒவ்வொன்றையும் அதன் அணைப்புப் பின் வழியாகத் தனித்தனியே எழுப்பி முகவரி மாற்ற வேண்டும். சென்சாருக்கு ஒரு பின் கூடுதலாகப் போகும். கறுப்புப் பரப்பும் வெயிலும் இதன் வீச்சையும் குறைக்கும்.

## ஒரே பார்வையில்

| சென்சார் | தரும் பதில் | பொருந்தும் தூரம் | பின்கள் | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|---|
| தடை மாட்யூல் | இருக்கிறது / இல்லை | சில செமீ முதல் 30 செமீ | 1 டிஜிட்டல் | பரப்பின் நிறத்துக்கேற்ப வீச்சு மாறும். ப்ரீசெட் வேலை |
| டிசிஆர்டி5000 | எவ்வளவு ஒளி | 2.5 மிமீ சுற்றி, 15 மிமீ வரை | 1 அனலாக் | எல்இடி மின்சாரம், சோல்டரிங் |
| க்யூடிஆர்-8ஏ | எவ்வளவு ஒளி, 8 இடத்தில் | 3 மிமீ, 6 வரை | 8 அனலாக் | ஊனோவில் பின் பற்றாது |
| க்யூடிஆர்-8ஆர்சி | எவ்வளவு ஒளி, 8 இடத்தில் | 3 மிமீ, 9.5 வரை | 8 டிஜிட்டல் | உள்ளீடு மட்டுமுள்ள பின்களில் ஓடாது |
| ஷார்ப் ஏ21 | தூரம் | 10–80 செமீ | 1 அனலாக் | 10 செமீ-க்குள் பொய் எண்; 38 மில்லிசெகண்ட் |
| விஎல்53எல்0எக்ஸ் | தூரம் | 2 மீ வரை | ஐ2சி | ஒரே முகவரி |

## இன்னும் தயங்குபவர்களுக்கு

பட்ஜெட் மிகக் குறைவு, களம் அகலக் கோடும் மென்மையான வளைவும்தான் என்றால், நான்கு பின் டிசிஆர்டி5000 மாட்யூல் மூன்று வாங்குங்கள். மூன்று அனலாக் அளவை வைத்தே மேலே சொன்ன சராசரிக் கணக்கைப் போடலாம். ஐந்து தடை மாட்யூல் வாங்கும் பணத்தில் இது முடிந்துவிடும், ரோபோவும் அதைவிடச் சீராக ஓடும்.

வெயில் விழும் இடத்தில் தடையைத் தவிர்க்கும் ரோபோ என்றால் ஐஆர் பக்கமே போகாதீர்கள். ஒலியை வைத்துத் தூரம் அளக்கும் ஹெச்சி-எஸ்ஆர்04 அல்ட்ராசோனிக் சென்சாருக்கு வெயிலும் நிழலும் ஒன்றுதான், பொருளின் நிறமும் பொருட்டில்லை.

புதிர்ப்பாதைக்குள் தானே வழி கண்டு ஓடும் மைக்ரோமவுஸ் ரோபோ செய்பவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் முழுதாகப் பொருந்தாது. 18 செமீ கட்டத்துக்குள் 5 செமீ உயர வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே ஓடும்போது, 10 செமீ-க்குள் பார்க்காத ஷார்ப் உதவாது, 38 மில்லிசெகண்ட் காத்திருக்கவும் முடியாது. அங்கே தனி ஐஆர் எல்இடியும் தனி ஃபோட்டோடிரான்சிஸ்டரும் வாங்கி, எல்இடியைக் கண நேரம் அதிக மின்சாரத்தில் துடிக்க வைத்து, அணைத்துப் படித்த எண்ணை ஏற்றிப் படித்த எண்ணிலிருந்து கழிப்பதுதான் வழக்கம். சுவர் எப்போதும் ஒரே வெள்ளை என்று விதியே உறுதி தருவதால், ஒளியின் அளவை வைத்துத் தூரம் சொல்வது அந்த ஓர் இடத்தில் நியாயமாகிறது.

எதை வாங்கினாலும் பார்சலைப் பிரித்ததும் மின்சாரம் கொடுத்து, மொபைலின் முன்பக்க கேமராவில் எல்இடியைப் பாருங்கள். லேசான ஊதா ஒளி தெரிந்தால் எல்இடி வேலை செய்கிறது. பின்பக்க கேமராக்கள் பலவற்றில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி வலுவாக இருப்பதால் அதில் தெரியாமல் போகலாம். முன்பக்கத்திலும் தெரியவில்லை என்றால், அதே கேமராவில் டிவி ரிமோட்டை அழுத்திப் பார்த்துவிட்டு, பிறகு கடைக்காரரிடம் மாற்றக் கேளுங்கள்.